தேங்காய் எண்ணெய்க்கு மசியாத கறுப்பு: ஆய்வுக்கூடக் கேள்வி பதில்

இந்த இதழில் வேதியியல் ஆய்வுக்கூடம் பற்றிய கேள்விகள் மட்டும். பினாங்குத் தீவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் வந்த கடிதங்கள் இவை. படிவம் 4 மாணவரில் தொடங்கி முதுகலை ஆய்வு மாணவி வரை எழுதியிருக்கிறார்கள். நடுவில் ஓர் அம்மாவும் உண்டு. பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ‘திடீரென்று’ என்ற சொல் வருகிறது. திடீரென்று உடைந்தது, திடீரென்று பொங்கியது. அந்தச் சொல்லுக்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதைத்தான் பதில்களில் தேடியிருக்கிறோம்.

கே: மகன் படிவம் 5. அவனுடைய பள்ளிக் கால்சட்டையில் பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரே வரிசையில் நாலைந்து இடத்தில் துணி கொசுவலை போல மெலிந்து கிடக்கிறது. கிழிசலும் இல்லை, தீப்பட்ட மாதிரியும் இல்லை. துவைத்த பிறகுதான் தெரிகிறது. சோப்புத்தூளை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். வாஷிங் மெஷின் பழுதா?
— இல்லத்தரசி, புக்கிட் மெர்தாஜாம்

ப: மெஷின் மேல் பழி போடாதீர்கள், அம்மா. சோப்புத்தூளும் நிரபராதி. இது நீர்த்த சல்பூரிக் அமிலத்தின் வேலை.

பள்ளிக் கால்சட்டைத் துணி பெரும்பாலும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது. அமிலம் பருத்தி இழையில் உள்ள செல்லுலோஸைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். பாலியெஸ்டரை அவ்வளவாகத் தொடாது. இற்றுப்போன பருத்தி, துவைக்கும்போது உதிர்கிறது. பாலியெஸ்டர் மட்டும் வலையாக நிற்கிறது. ஜவுளித் தொழிலில் இதையே வேண்டுமென்று செய்து பூவேலைப்பாடு உள்ள துணி தயாரிப்பார்கள். உங்கள் மகன் கூலி வாங்காமல் செய்திருக்கிறார்.

“தண்ணீர் மாதிரிதான் இருந்தது, நீர்த்த அமிலம்தானே” என்று மகன் சொல்வார். பள்ளியில் பயன்படும் 1 மோலார் சல்பூரிக் அமிலத்தில் லிட்டருக்கு 98 கிராம் அமிலம் இருக்கிறது. துணியில் பட்ட சொட்டு காயும்போது போவது தண்ணீர் மட்டும்தான். சல்பூரிக் அமிலம் ஆவியாகாது. ஆக, காலையில் பட்ட நீர்த்த சொட்டு மாலைக்குள் அடர் அமிலமாகிவிடுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்திருந்தால் பெரும்பகுதி வாயுவாகப் பறந்திருக்கும். சேதமும் குறைவாக இருந்திருக்கும்.

வரிசையாக இருப்பதுதான் துப்பு. ஆய்வு மேசையின் விளிம்பு அந்த உயரத்தில் வரும். புட்டியிலிருந்து ஊற்றும்போது வெளிப்புறமாக ஒரு சொட்டு வழியும், புட்டியை மேசை ஓரத்தில் வைப்பார்கள், பிறகு யாரோ ஒருவர் அந்த ஓரத்தில் சாய்ந்து நின்று பியூரெட்டை (அடியில் திருகு வைத்த நீண்ட அளவுக் குழாய்) படிப்பார். வழியவிட்டவர் ஒருவர், கால்சட்டை இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். ஊற்றியதும் புட்டியின் வாயையும் அடியையும் ஈரத்துணியால் துடைப்பது, சாய்வதற்கு முன் மேசை ஓரத்தைத் துடைப்பது, லேப் கோட்டின் பொத்தான்களைக் கடைசிவரை போடுவது என்று மகனிடம் சொல்லுங்கள்.

அமிலம் பட்டது தெரிந்தால் அந்த இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் பிழிந்து அலச வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடா பைகார்பனேட் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மெலிந்த இடம் திரும்பாது. கண்ணுக்குத் தெரியாமல் அமிலம் இருக்கும் மற்ற இடங்கள் தப்பிக்கும். சோடா துணிக்கு மட்டுமே. தோலில் அமிலம் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், வேறு எதையும் மேலே தடவ வேண்டாம்.

கே: டைட்ரேஷனில், அதாவது அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையில், எனக்கு 24.60, 25.30, 24.95 மில்லிலிட்டர் என்று வருகிறது. மூன்றும் மூன்று திசை. ஆசிரியர் கை சரியில்லை என்கிறார். வெயில் காலத்தில் கண்ணாடி விரிந்து அளவு மாறும் என்று நண்பன் சொல்கிறான். எது உண்மை?
— எஸ்.டி.பி.எம். மாணவர், பட்டர்வொர்த்

ப: நண்பரின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அளவுக் கண்ணாடிப் பாத்திரங்களில் பொதுவாக 20 டிகிரி செல்சியஸ் என்று பொறித்திருக்கும். 20க்கும் 30க்கும் இடையே தண்ணீர் விரிவது ஏறத்தாழ கால் விழுக்காடு. கண்ணாடி விரிவது அதில் மிகச் சிறு பங்கு. 25 மி.லி.க்கு 0.06 மி.லி., அதாவது ஒரு சொட்டு. உங்கள் வித்தியாசமோ 0.70. பட்டர்வொர்த் வெயிலுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

மூன்று வாசிப்பும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்து, எல்லாமே சரியான விடையிலிருந்து தள்ளியிருந்தால் கரைசலின் செறிவில் குற்றம். உங்களுடையது போலச் சிதறினால் கையாளும் முறையில் குற்றம். ஆசிரியர் சொன்னது சரி, ஆனால் ‘கை’ என்பது பெரிய இடம். கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள்.

முதல் சந்தேகம், பியூரெட்டின் திருகுக்குக் கீழே இருக்கும் மூக்கு. அங்கே காற்றுக்குமிழி ஒன்று உட்கார்ந்திருக்கும். நடுவில் அது வெளியேறினால் அந்த இடத்தைக் கரைசல் நிரப்பும். குடுவைக்குள் போகாத கரைசலையும் பியூரெட் கணக்கில் எழுதிவிடும். அரை மில்லிலிட்டர் வரை இப்படிக் காணாமல் போகலாம். நிரப்பியதும் திருகை ஒரு நொடி முழுதாகத் திறந்து குமிழியை விரட்டுங்கள். பிறகே தொடக்க வாசிப்பு.

அடுத்தது புனல். நிரப்பிய புனலை பியூரெட் தலையிலேயே விட்டுவிட்டால் அதன் தண்டிலிருந்து சொட்டு இறங்கும். இதில் வாசிப்பு குறையும். குமிழி ஒரு முறை கூட்டி, புனல் இன்னொரு முறை குறைத்தால் உங்கள் எண்கள் மாதிரியே வரும்.

மூன்றாவது, கழுவும் பழக்கம். பியூரெட்டையும் பிப்பெட்டையும் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) எந்தக் கரைசல் நிரப்பப்போகிறீர்களோ அதிலேயே 5 மி.லி. அளவு எடுத்து இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரில்தான் கழுவ வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் அதிகம். குடுவையை அமிலத்தால் அலசினால், பிப்பெட் அளந்து கொடுத்த 25 மி.லி.யோடு சுவரில் ஒட்டிய அமிலமும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. அமிலத்தின் அளவு அதனால் கூடுவதில்லை.

பிப்பெட் முனையில் கடைசியாக நிற்கும் துளியை ஊதக் கூடாது. முனையைக் குடுவையின் உட்சுவரில் தொட்டுச் சில நொடி வைத்தெடுத்தால் போதும். அந்தத் துளி உள்ளே நிற்கும் என்று கணக்கிட்டே கோடு போட்டிருக்கிறார்கள்.

இறுதிப்புள்ளியில் நிறங்காட்டியான பினால்ப்தலீன் இளஞ்சிவப்பாக 30 நொடி நின்றால் முடிந்தது. அதற்குப் பிறகு நிறம் மங்கினால் இன்னொரு சொட்டு விடாதீர்கள். காற்றில் உள்ள கார்பன் டையாக்சைடு கரைந்து நிறத்தைத் தின்கிறது. ‘ரோஜாப்பூ நிறம்’ வரும்வரை விடுபவர்கள் இரண்டு மூன்று சொட்டு தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். கடைசிக் கட்டத்தில் அரைச் சொட்டை முனையில் தொங்கவிட்டு, குடுவைச் சுவரில் தொட்டு, பிழிகுப்பித் தண்ணீரால் உள்ளே தள்ளுங்கள். அரைச் சொட்டு என்பது சுமார் 0.025 மி.லி.

இவ்வளவும் சரிசெய்து மூன்று வாசிப்பும் 0.10 மி.லி.க்குள் வந்து, விடை மட்டும் தள்ளியிருந்தால் அப்போது சோடியம் ஹைட்ராக்சைடைச் சந்தேகியுங்கள். அதன் உருண்டைகள் நம் ஊர்க் காற்றில் சில நிமிடங்களில் ஈரம் குடித்துப் பளபளக்கத் தொடங்கும். 250 மி.லி.க்கு 0.1 மோலார் தயாரிக்க 1.00 கிராம் நிறுக்கிறீர்கள், அதில் 0.05 கிராம் தண்ணீராக இருந்தால் செறிவு 5 விழுக்காடு குறைந்துவிட்டது. தராசு பொய் சொல்லவில்லை, நிறுத்த பொருள்தான் வேறு. அதனால்தான் இந்தக் கரைசலை நிறையை நம்பாமல் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்து உறுதிசெய்கிறோம். 110 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரம்) ஆறவிட்டு, 0.51 கிராம் அளவு துல்லியமாக நிறுத்துத் தண்ணீரில் கரைத்தால், 0.1 மோலார் ஹைட்ராக்சைடு கிட்டத்தட்ட 25 மி.லி. செலவாக வேண்டும்.

கே: சில்வர் நைட்ரேட் பட்டு விரல்கள் கறுத்துவிட்டன. தேங்காய் எண்ணெய், எலுமிச்சை, பற்பசை எல்லாம் தேய்த்தாயிற்று. அடுத்த வாரம் அக்கா திருமணம்.
— மாணவி, ஆயர் ஈத்தாம்

ப: அது அழுக்கு அல்ல, வெள்ளி. தோலில் இறங்கிய வெள்ளி அயனி வெளிச்சம் பட்டு நுண்ணிய உலோகத் துகளாகிவிட்டது. மேல்தோல் உதிரும்போது அதோடு போகும். ஒன்று இரண்டு வாரம். தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். கறையைப் போக்கும் பழைய செய்முறைகள் என்று சுற்றுவனவற்றில் சில கறையைவிட மோசமான நஞ்சு. மருதாணி வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த முறை நைட்ரைல் கையுறை.

கே: காப்பர் கார்பனேட்டைச் சூடாக்கி, வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டோம். எல்லாம் முடிந்து அடுப்பை அணைத்ததும் சோதனைக்குழாய் திடீரென்று ‘டப்’ என்று வெடித்தது. குழாயின் தரம் சரியில்லையா?
— படிவம் 4 மாணவர், நிபோங் தெபால்

ப: குழாய் நல்ல குழாய்தான். அணைத்த வரிசை தவறு. சூடாக்கும்போது உள்ளே வாயு விரிந்து வெளியே தள்ளும். அடுப்பை எடுத்ததும் உள்ளே இருக்கும் வாயு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப, வெளியே அழுத்தும் காற்று சுண்ணாம்பு நீரை வளைகுழாய் வழியாக மேலே ஏற்றும். குளிர்ந்த நீர் கொதிக்கும் கண்ணாடியைத் தொட்டது, விரிசல் விட்டது.

சுண்ணாம்பு நீர் பால்போலக் கலங்கியதும் முதலில் வளைகுழாயை நீரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பிறகே அடுப்பு. வளைகுழாயில் நீர் ஏறத் தொடங்குவதைப் பார்த்துவிட்டால் அடுப்பை உடனே திரும்பக் கொண்டுவாருங்கள், நீர் இறங்கும். சோதனைக்குழாயின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிப்பதும் இதே காரணத்துக்குத்தான். தூளில் ஈரம் இருந்தால் அது வாயருகே தண்ணீராகப் படியும்; வாய் மேல்நோக்கி இருந்தால் சூடான அடிப்பக்கம் ஓடிவரும்.

கே: 250 மி.லி. அளவுக் குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பள்ளி விடுமுறை முழுக்க வைத்துவிட்டார்கள். கண்ணாடி மூடி இப்போது கழல மறுக்கிறது.
— ஆய்வுக்கூட உதவியாளர், சுங்கை பாக்காப்

ப: காரம் கண்ணாடியில் உள்ள சிலிக்காவை மெதுவாகக் கரைக்கும். கரைந்தது மூடிக்கும் கழுத்துக்கும் இடையே காய்ந்து பசையாகிவிடுகிறது. விடுமுறை முழுக்க என்றால் சிமெண்டு போட்ட மாதிரிதான்.

கையைத் தடித்த துணியால் சுற்றிக்கொண்டு, கண்காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து முயலுங்கள். மூடியைச் சுற்றிச் சில துளி தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு கழுத்தின் வெளிப்புறத்தில் மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். வெளிக்கழுத்து விரிந்து உள்மூடி இன்னும் சூடாகாத அந்தச் சில நொடியில் மரக்கட்டையால் மூடியின் ஓரத்தை மெல்லத் தட்டிச் சுழற்றுங்கள். இரும்பால் தட்டக் கூடாது. இடுக்கியால் முறுக்கவும் கூடாது. இரண்டு மூன்று முயற்சிக்கு மசியாவிட்டால் குடுவையை எழுதித் தள்ளிவிடுவதே மலிவு. காரம் தெறித்த கண்ணுக்கு விலை கிடையாது.

இனி காரக் கரைசலைத் தயாரித்த அன்றே பிளாஸ்டிக் புட்டிக்கு மாற்றிவிடுங்கள். பியூரெட்டிலும் அப்படித்தான். கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டில் ஹைட்ராக்சைடை இரவு முழுக்க விட்டால் மறுநாள் அதுவும் இதே கதிதான்.

கே: ஆய்வுக்கூடத்தில் தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. மாணவர்கள் பாதரச உருண்டைகளைக் கையால் உருட்டி விளையாடத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் துடைப்பம் எடுத்துக் கூட்டினார். என்ன செய்திருக்க வேண்டும்?
— ஆசிரியை, நிபோங் தெபால்

ப: கூட்டியதுதான் இதில் மிகப் பெரிய தவறு. துடைப்பம் ஒரு பெரிய உருண்டையை நூறு சிறிய உருண்டைகளாக்கும். மேற்பரப்பு கூடினால் ஆவியாவதும் கூடும். மணமோ நிறமோ இல்லாத ஆவி. அதைச் சுவாசிப்பதில்தான் ஆபத்து, தொடுவதில் அவ்வளவு இல்லை. 20 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் பாதரசத்தின் ஆவியழுத்தம் இரு மடங்குக்கு மேல். நம் வகுப்பறைகளில் இது முக்கியமான கணக்கு.

முதலில் உடைந்தது பாதரசம்தானா என்று பாருங்கள். உள்ளே சிவப்பு அல்லது நீலத் திரவம் இருந்திருந்தால் அது நிறமேற்றிய ஆல்கஹால். கண்ணாடித் துண்டை மட்டும் கவனித்து அள்ளினால் போதும்.

வெள்ளி நிறமாக இருந்தால், மாணவர்களை வெளியே அனுப்புங்கள், காலடியில் உருண்டை ஒட்டியிருக்கிறதா என்று வாசலில் பார்த்த பிறகு. கூரை விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துங்கள், சன்னல்களை விரியத் திறங்கள். சுத்தம் செய்பவர் தங்க மோதிரம், வளையல், சங்கிலியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். தங்கத்தைத் தொட்ட பாதரசம் அதோடு கலந்து வெள்ளைத் திட்டாக்கிவிடும். பிறகு பொற்கொல்லரிடம் போக வேண்டியதுதான்.

கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் உருண்டைகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளி ஒன்றாக்குங்கள். ஒன்றையொன்று தொட்டால் தாமே சேரும். சொட்டுக்குழாயாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் புட்டியில் விடுங்கள். பாதரசம் தண்ணீரைவிட 13.5 மடங்கு கனம். அடியில் தங்கும், மேலே நிற்கும் நீர் ஆவியைத் தடுக்கும். விளக்கை அணைத்துக் கைவிளக்கைத் தரையோடு கிடையாகப் பிடித்தால் மேசைக்கால் இடுக்கில் ஒளிந்தவை மின்னும். பொடிப்பொடியாக மிஞ்சியவற்றை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுக்கலாம். தரை விரிசலில் போனதற்கு மேலே கந்தகத் தூளோ துத்தநாகத் தூளோ தூவுவது வழக்கம். துத்தநாகம் அதோடு உலோகக் கலவையாகும். கந்தகம் மிக மெதுவாக வேலை செய்யும், தூவியதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது. அது பாதரசத்தைச் சூடாக்கி அறை முழுக்க ஊதும். தொட்டியில் கொட்டினாலும் குழாய் வளைவிலேயே தங்கி மாதக்கணக்கில் ஆவி விடும். புட்டி, நாடா, கையுறை எல்லாவற்றையும் இறுக மூடி, எஸ்.டபிள்யூ. 109 (பாதரசக் கழிவுக்கான குறியீடு) என்று ஒட்டி, அட்டவணைக் கழிவாக, அதாவது சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவாக, ஒப்படையுங்கள். யாருக்காவது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நச்சுப் பொருள் பற்றிய ஆலோசனைக்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே இருக்கிறது. மீதமிருக்கும் பாதரசத் தெர்மாமீட்டர்களைப் படிப்படியாக ஆல்கஹால் வகைக்கு மாற்றுங்கள். பள்ளிச் சோதனைகளுக்கு அந்தத் துல்லியமே தாராளம்.

கே: ஆஸ்பிரின் தயாரித்தோம். 2.00 கிராம் சாலிசிலிக் அமிலத்திலிருந்து 2.95 கிராம் ஆஸ்பிரின் கிடைத்தது. விளைச்சல் 113 விழுக்காடு! சந்தோஷப்படுவதா? அறிக்கையில் 93 என்று எழுதிக்கொள்ளச் சொல்லிக் குழுவில் ஒருவர் யோசனை சொல்கிறார்.
— முதலாம் ஆண்டு மாணவி, பாயான் லெப்பாஸ்

ப: 2.00 கிராமிலிருந்து அதிகபட்சம் 2.61 கிராம்தான் வர முடியும். மிச்சம் 0.34 கிராமுக்கு நீங்கள் தண்ணீரை நிறுத்திருக்கிறீர்கள். கொஞ்சம் அசெட்டிக் அமிலமும் ஒட்டியிருக்கலாம், முகர்ந்தால் வினிகர் வாடை வரும்.

வெற்றிட வடிகட்டியில் ஐந்து பத்து நிமிடம் காற்றை இழுத்தால் காய்ந்துவிடும் என்று செய்முறைத் தாளில் போட்டிருப்பார்கள். வறண்ட காற்றுள்ள ஊருக்கு அது சரி. இங்கே நீங்கள் இழுக்கும் காற்றே ஈரக் காற்று. வடிதாளில் இருக்கும்போதே தட்டையான கண்ணாடி மூடியால் படிகங்களை அழுத்திப் பிழியுங்கள். பிறகு கடிகாரக் கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பி டெசிகேட்டரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் நிறுங்கள், திரும்ப வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் நிறுங்கள். இரண்டு நிறையும் ஒன்றாக வந்தால்தான் காய்ந்தது. அவசரத்துக்கு நூறு டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் வைக்காதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆஸ்பிரின் பழையபடி சாலிசிலிக் அமிலமாகப் பிரியும்.

டெசிகேட்டருக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல்லின் நிறத்தையும் பாருங்கள். நீல வகை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், ஆரஞ்சு வகை பச்சையாகியிருந்தால், அது ஏற்கனவே வயிறு நிரம்பியது. உங்கள் படிகத்தை உலர்த்தாது. 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பும். பொதுவாக எல்லாரும் திறந்து மூடும் டெசிகேட்டர்களில் இந்த ஜெல் பெயருக்குத்தான் இருக்கும்.

அறிக்கையில் 113 என்றே எழுதுங்கள். கீழே ‘மாதிரி ஈரமாக இருந்தது’ என்று காரணமும், ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டுப் பார்த்த விளைவும் எழுதுங்கள். ஊதா நிறம் வந்தால் வினையாகாத சாலிசிலிக் அமிலமும் இருக்கிறது. திருத்துபவருக்கு இந்த இரண்டு வரி 93ஐவிடப் பிடிக்கும். தவிர, 93 விழுக்காடு என்று எழுதி உருகுநிலை 120 என்று எழுதினால் அந்த இரண்டு எண்ணும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமான ஆஸ்பிரின் 135 டிகிரியை ஒட்டி உருகும்.

கே: பிரிபுனலில் (ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும், அடியில் திருகுள்ள புனல்) டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் இருந்த கரைசலை சோடியம் பைகார்பனேட்டால் கழுவினேன். மூடியைப் போட்டுக் குலுக்கியதும் மூடி பறந்து, பாதிப் பொருள் மேற்கூரைக்குப் போய்விட்டது. மூன்று நாள் உழைப்பு.
— இரண்டாம் ஆண்டு மாணவர், ஜெலுத்தோங்

ப: வருத்தமான செய்தி, ஆனால் கணக்கு உங்கள் பக்கம் இல்லை. உங்கள் கரைசலில் 0.6 கிராம் அசெட்டிக் அமிலம் மிஞ்சியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது 0.01 மோல். பைகார்பனேட்டோடு சேர்ந்தால் அறை வெப்பத்தில் 240 மி.லி. கார்பன் டையாக்சைடு. அதற்கு மேல் டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். கைச்சூட்டிலேயே ஆவி அழுத்தம் ஏறும். இரண்டையும் மூடிய புனலுக்குள் வைத்துக் குலுக்கினீர்கள்.

முதல் கழுவலை மூடியில்லாமல் செய்யுங்கள். ‘கெபுக் வாசாப்’ என்று எழுதியிருக்கும் புகைக் கூண்டுக்குள், வாயகன்ற குடுவையில் கரைசலை வைத்து, பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சுழற்றுங்கள். நுரைப்பது முழுதாக அடங்கிய பிறகே பிரிபுனல். புனலில் முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். மூடியை உள்ளங்கையால் அழுத்தித் தலைகீழாக்கியதும், குலுக்குவதற்கு முன்பே, தண்டைக் கூண்டின் உட்புறம் பார்க்கத் திருப்பித் திருகைத் திறந்துவிடுங்கள். ‘ஸ்ஸ்’ என்று வரும். திருகை மூடி, ஒரே ஒரு முறை மெல்லச் சாய்த்து, மீண்டும் திறங்கள். சத்தம் நின்ற பிறகு குலுக்கலாம். அடுக்குகள் பிரியாமல் மோர் போல நின்றால் உப்பு நிறைகரைசல் 10 மி.லி. சேர்த்துப் பொறுமையாக இருங்கள்.

இன்னொன்று: எந்த அடுக்கு வேண்டாததோ அதை அன்றே கொட்டிவிடாதீர்கள். டைகுளோரோமீத்தேன் அடியில் தங்கும், ஈத்தர் மேலே மிதக்கும். மாற்றி நினைத்துப் பொருளைத் தொட்டியில் ஊற்றியவர்களுக்குக் கூரை ஏற்றியவர்கள் எவ்வளவோ மேல்.

கே: கழிவுப் புட்டி ஒன்று மூலையில் ‘ஸ்ஸ்’ என்று சத்தமிடுகிறது. பக்கவாட்டில் உப்பியிருக்கிறது. மூடியைத் திறந்து காற்றை விடலாமா?
— ஆய்வு மாணவி, ஜெலுத்தோங்

ப: திறக்காதீர்கள். தொடாதீர்கள். புகைக் கூண்டுக்குள் இருந்தால் கண்ணாடியை முழுதாக இறக்கிவிடுங்கள். அறையில் இருப்பவர்களை வெளியேற்றி, பொறுப்பாளரை அழையுங்கள். கைமீறினால் 999.

பெரும்பாலும் இது நைட்ரிக் அமிலக் கழிவுக்குள் யாரோ அசெட்டோனோ எத்தனாலோ ஊற்றிய கதை. முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஊற்றியவர் மூடியை இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். வினை தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு வேகம் பிடிக்கும், வாயு சேரும், புட்டி சிதறும். கண்ணாடிக் குடுவையை நைட்ரிக் அமிலத்தால் கழுவி, உடனே அசெட்டோனால் அலசி, இரண்டையும் ஒரே புட்டியில் ஊற்றும் பழக்கம்தான் இதற்கு வழக்கமான வாசல். இடையில் ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசினால் போதும்.

2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி, குளோரின் போன்ற ஹாலஜன் இல்லாத கரைப்பான் எஸ்.டபிள்யூ. 322, ஹாலஜன் உள்ளது எஸ்.டபிள்யூ. 323, பயன்படுத்திய கனிம அமிலம் எஸ்.டபிள்யூ. 206. மூன்றும் மூன்று புட்டி. புட்டியை ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். கரைப்பான் நம் வெப்பத்தில் விரிய இடம் வேண்டும். ஊற்றும் ஒவ்வொருவரும் தேதி, பொருள், அளவு மூன்றையும் லேபிளில் எழுத வேண்டும். ‘மிச்சம்’ என்றும் ‘கழிவு’ என்றும் மட்டும் எழுதிய புட்டி யாருக்கும் உதவாது, எடுத்துச் செல்லும் நிறுவனமும் வாங்காது. சேர்த்து வைக்கச் சட்டம் தரும் அவகாசம் 180 நாள். ஆனால் மூலையில் உட்கார்ந்திருக்கும் புட்டிகள் அதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடும்.

கே: நைட்ரைல் கையுறை போட்டால் எதையும் தொடலாமா?
— மாணவர், பாயான் லெப்பாஸ்

ப: நீர்த்த அமிலம், காரம் என்றால் சரி. அசெட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவும்; டைகுளோரோமீத்தேன் அதைவிட வேகம். பட்டதும் கழற்றி எறிந்து புதிது மாட்டுங்கள். அதே கையுறையோடு கதவுக் கைப்பிடியையும் கைப்பேசியையும் தொடுபவர் கையுறை போடாதவரைவிடத் தொல்லை.

கே: சனிக்கிழமை நிறுப்பதற்கு மட்டும்தான் போகிறேன். சிலிப்பர் போதாதா?
— விடுதி மாணவர், பட்டர்வொர்த்

ப: தராசுக்குப் போகும் வழியில் வேறொருவர் கீழே விட்ட பீக்கர் இருக்கும். மூடிய காலணி.

கே: ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் நாசி லெமாக் பொட்டலத்தை ஓரமாக வைத்தால் என்ன? மேல்தட்டு காலியாகத்தான் இருக்கிறது.
— பெயர் வேண்டாம், கெலுகோர்

ப: மேல்தட்டில் நேற்று என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைவிட, கீழ்த்தட்டில் ஈத்தர் புட்டி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு விற்கும் சாதாரணக் குளிர்பெட்டியின் விளக்குப் பொத்தானும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் சிறு தீப்பொறி விடும். ஈத்தர் 35 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும், அதன் ஆவி மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே தீப்பிடிக்கும். குளிர்பெட்டியின் குளிர் அதற்குப் பாதுகாப்பு அல்ல. மூடி சரியாக இறுகாத ஒரு புட்டி இரவு முழுக்கக் கசிந்து, காலையில் பொட்டலத்தை எடுக்க நீங்கள் கதவைத் திறக்கும்போது விளக்கு எரியும். எரியக்கூடிய கரைப்பான்களுக்கென்று உள்ளே பொறியில்லாமல் செய்த பெட்டி தனியாகக் கிடைக்கிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது எந்த வகை என்று கேளுங்கள். பொட்டலம் கேண்டீனில் இருக்கட்டும்.